கரிசல் வீட்டில் ஒரு பார்லர்: முதலில் கூரையைப் பாருங்கள்

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலோ வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் நாற்காலியிலிருந்து தொடங்குகிறார்கள். சாய்கிற நாற்காலி, பெரிய கண்ணாடி, ஸ்டீமர், அப்புறம் ஏசி. கையில் இருக்கிற பணம் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. பங்குனி பிறந்ததும் அறை கொதிக்கத் தொடங்கும். போர்த் தண்ணீரில் அலசிய முடி காய்ந்ததும் விறைத்து நிற்கும். கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்துகிற, மண்ணைக் கெடுக்காத ஒரு பார்லர் இந்த ஊருக்கு வேண்டும் என்றால் நாற்காலி கடைசியில் வரட்டும். முதல் கவனம் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். வெயில் இறங்குவதும் மழை விழுவதும் அங்கேதான்.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று வீட்டுக்கு வீடு இரண்டு கணக்கு உண்டு. நல்ல தண்ணீர் குழாயில் தினமும் வராது. வந்த அன்று பிடித்து வைத்ததைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் செலவழிப்போம். மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர். பல இடங்களில் அதில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. சோப்பு அதோடு சேர்ந்தால் நுரைக்காமல் திரிதிரியாகப் படியும். ஷாம்பு ஓரளவு நுரைக்கும், ஆனால் கூடுதலாக ஊற்ற வேண்டும், கூடுதலாக ஊற்றியதை அலச இன்னும் தண்ணீர் வேண்டும். எவ்வளவு அலசினாலும் உப்பு முடியில் தங்கிவிடும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் ‘அங்க தலைக்கு ஊத்தினா முடி சொரசொரன்னு ஆயிடுது’ என்று சொல்வது உங்கள் கை வேலையைப் பற்றிய குறை அல்ல, தண்ணீரைப் பற்றியது. ஆனாலும் பெயர் உங்களுக்குத்தான் கெடும்.

இதற்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாம் என்று தோன்றும். அது ஒரு பங்கு தண்ணீரைச் சுத்தமாக்கிவிட்டு, அதைவிடக் கூடுதலான உப்பு நீரை வெளியே தள்ளும். தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிற ஊரில் தலை அலசுவதற்காக அதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. வானத்திலிருந்து விழுகிற தண்ணீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். அதைப் பிடிப்பதுதான் வழி.

கணக்கு எளிது. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 500 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 46 சதுர மீட்டர். சிந்துவது, ஆவியாவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 37 லிட்டர் கிடைக்கும். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில். ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் அந்தச் சிறிய கூரையிலேயே 29,000 லிட்டருக்கு மேல் இறங்குகிறது. மொத்தத்தையும் சேர்த்துவைக்க வேண்டியதில்லை. 2,000 லிட்டர் டேங்க் ஒன்று போதும். 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு நாள் மழை பெய்தால் அது நிரம்பிவிடும். செலவழித்தால் அடுத்த மழையில் மறுபடி நிரம்பும்.

இந்தத் தண்ணீரை முழு அலசலுக்கும் ஊற்றித் தீர்க்காதீர்கள். முதல் இரண்டு அலசலைப் போர்த் தண்ணீரில் முடித்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் 4 லிட்டர் மழைநீரை மெதுவாக ஊற்றுங்கள். முடியில் ஒட்டிய உப்பு இறங்கிவிடும். இப்படிச் செய்தால் ஒரு டேங்க் 500 தலைக்கு வரும். ஃபேஷியலில் முகம் துடைக்க, ஸ்டீமரில் ஊற்ற, குளியல் பொடி குழைக்க எல்லாவற்றுக்கும் இதே தண்ணீர்தான் நல்லது. ஸ்டீமரில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் கம்பிச்சுருளில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கும். பொருக்கின் வழியாகச் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேர நேரமாகும், கரண்டும் கூடும், ஒரு கட்டத்தில் சுருள் எரிந்துபோகும். கெய்சருக்கும் இதே கதிதான். மழைநீர் டேங்க் வைப்பது மின்சாரச் சிக்கனமும் ஆகும் என்பது இப்படித்தான்.

டேங்க்கைத் தரைக்கு மேலே, நிழலான பக்கத்தில் ஒரு மேடை கட்டி வையுங்கள். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதில் தோண்டிக் கட்டிய சம்ப்பை நன்றாகக் கம்பி போட்டுக் கட்டாவிட்டால் நாளடைவில் விரிசல் விடும். செவல் மண் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. மழை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும், அதனால் முதல் 50, 100 லிட்டரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு டேங்க்குக்குத் திருப்ப ஒரு வால்வு வேண்டும். மூடி இறுக்கமாக, காற்றுத் துளைக்கு வலை கட்டியிருக்க வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்காக அப்போது இறக்கிய குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைச் சரிசெய்து டேங்க்குக்குத் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஊற்றுகிற முறையிலும் மிச்சம் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு அலசினால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் ஓடும், பத்து நிமிடத்தில் 60 லிட்டரைத் தாண்டிவிடும். வாளியும் கப்பும் வைத்து அலசினால் 15 லிட்டருக்குள் முடியும். வாடிக்கையாளர் முன்னால் கப்பு வைத்து ஊற்றுவது கௌரவக் குறைச்சல் என்று தயங்கினால், கைப்பிடியை அழுத்தினால் மட்டும் திறக்கிற ஷவரைப் பொருத்திக்கொள்ளலாம்.

இனி வெயில். கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில்தான் கீழே விடும். பார்லருக்கு ஆள் வருகிற நேரமும் அதுதான். தறி வேலை, பள்ளி, கடை எல்லாம் முடிந்து 5 மணிக்கு மேல்தான் வருவார்கள். நாளின் மிக மோசமான வெக்கையில் உட்கார்ந்து ஃபேஷியல் செய்துகொள்ள யாருக்கும் மனம் வராது. ஆகவே ஏசி. ஏசி வைத்தால் என்ன ஆகிறது என்பதை எண்ணாகப் பார்த்துவிடுவது நல்லது. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

சிறிய பார்லரின் ஒரு நாள் இது: குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 0.24 யூனிட். கண்ணாடிக்கு இரு பக்கமும் எல்இடி, மொத்தம் 20 வாட், 5 மணி நேரம், 0.1. ஹேர் டிரையர் 1,200 வாட் என்றாலும் நாள் முழுக்கச் சேர்த்து 20 நிமிடம்தான் ஓடும், 0.4. ஸ்டீமர் 400 வாட், அரை மணி, 0.2. வேக்ஸ் ஹீட்டர் 100 வாட், ஒரு மணி, 0.1. முடி நேராக்கும் கருவி 40 வாட், ஒரு மணி, 0.04. எல்லாம் கூட்டினால் 1 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. 1 டன் ஏசி மணிக்கு முக்கால் யூனிட் இழுத்தாலும் 6 மணி நேரத்தில் நாலரை யூனிட் ஆகிவிடும். மற்ற எல்லாக் கருவிகளும் சேர்ந்து தின்பதைப்போல நான்கு மடங்கு. டிரையரை மாற்றலாமா, பல்பை மாற்றலாமா என்று அலைவதில் பெரிய பயன் இல்லை. ஏசி இல்லாமல் அறையைத் தாங்கும்படி வைக்க முடியுமா என்பது ஒன்றுதான் கேள்வி. அதற்கான பதில் மறுபடியும் மாடியில்தான் இருக்கிறது.

மாடித் தளத்தைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பையோ வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சையோ இரண்டு கை அடியுங்கள். கருத்துப்போன தளம் உறிஞ்சுகிற வெயிலில் பெரும்பகுதியை வெள்ளைத் தளம் வானத்துக்கே திருப்பிவிடும். அறையின் சூடு சில டிகிரி குறையும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அவ்வளவு பெரிய விஷயத்துக்கு முதல் மருந்து ஒரு வாளிச் சுண்ணாம்பு என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. ஒரு எச்சரிக்கை: மழைநீரை அதே மாடியிலிருந்து பிடிப்பதானால், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பிறகு வரும் முதல் இரண்டு மழையை டேங்க்கில் விடாதீர்கள். மழைக்கு நெடுநாள் முன்பாகவே, மாசி, பங்குனியில் அடித்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

எந்த அறை என்பதையும் யோசியுங்கள். மேற்குச் சுவர் மாலை வெயிலை முழுக்க வாங்கும். வடக்கோ கிழக்கோ பார்த்த அறை கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, படுக்கையறையாக இருந்தாலும் மாற்றிக்கொள்வது லாபம். வடக்கு ஜன்னல் வெளிச்சம் ஒப்பனைக்கும் உகந்தது. நேர் வெயில் அதிகம் விழாது, முகத்தின் நிறம் உள்ளபடி தெரியும், பகலில் விளக்கே வேண்டாம். மாலைக்கு வாங்கும் எல்இடியில் நிறத்தை உண்மையாகக் காட்டும் அளவு, அதாவது சிஆர்ஐ எண், 90-க்கு மேல் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். இல்லாவிட்டால் அறையில் பொருந்திய பவுடர் கல்யாண மண்டபத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

மேல்காற்று வீசுகிற ஆனி, ஆடியில் இந்தப் பக்கத்துக் காற்று நன்றாக உலர்ந்திருக்கும். உலர்ந்த காற்றில் ஈரம் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைப்பதும், ஏர் கூலரும் கடலோர ஊர்களைவிட இங்கே நன்றாக வேலை செய்வதற்கு அதுவே காரணம். கூலருக்கு 150, 200 வாட் போதும். ஆனால் அது தண்ணீர் குடிக்கும், உப்புத் தண்ணீரில் அதன் பட்டைகள் சீக்கிரம் கெட்டியாகிவிடும். தண்ணீர் ஓரளவு இருக்கிற வீட்டுக்குக் கூலர். தண்ணீருக்கே திண்டாட்டம் என்றால் வெள்ளை மாடி, குறுக்குக் காற்று, பிஎல்டிசி விசிறி.

அப்படியும் மணப்பெண் அலங்காரத்துக்கு ஏசி வேண்டியிருக்கும். வேர்வையில் ஒப்பனை நிற்காது, அதை நான் மறுக்கவில்லை. 100 சதுர அடி அறைக்கு 1 டன், 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி போதும். 26 டிகிரியில் வைத்து விசிறியும் சேர்த்து ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் வாரியமான பிஇஇ சொல்கிறது. 2020 முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் தொடங்கும்போதே 24-இல் நிற்பது அதனால்தான்.

வெந்நீருக்குக் கெய்சர் வாங்காதீர்கள். மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் கோடையில் நண்பகலுக்குள் தலையில் ஊற்ற முடியாத அளவு சுட்டுவிடுகிறது. மார்கழி, தை காலையில் மட்டும் சூடு தேவைப்படும். 10 லிட்டரை 12 டிகிரி கூட்ட 0.14 யூனிட்தான் ஆகும், ஒரு கெட்டிலோ அடுப்போ போதும்.

மின் இணைப்பில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இணைப்பில் பார்லர் நடத்தினால் அது அனுமதிக்கப்படாத பயன்பாடு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, உரிய கட்டணத்தைப்போல இரு மடங்கு கேட்கலாம். அருப்புக்கோட்டையில் வீட்டில் கைத்தறி போட்டிருக்கும் நெசவாளிக்கு வீட்டுக் கட்டணம்தான், அதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பார்லர் அறைக்கு மட்டும் தனி மீட்டருடன் வணிக இணைப்பு கேளுங்கள். அதில் இலவச யூனிட் கிடையாது, கட்டணமும் கூடுதல். நாளுக்கு 1 யூனிட்டில் ஓடும் பார்லருக்கு இது தாங்கக்கூடிய செலவு. 6 யூனிட்டில் ஓடுவதற்குச் சுமை.

சூரிய மின்சாரம் பற்றிக் கேட்காதவர் இல்லை. திருச்சுழியை அடுத்த கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் தொடங்கப்பட்டது. அங்கே விழும் வெயில் உங்கள் மாடியிலும் விழுகிறது. 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் இது வீட்டு இணைப்புக்கு மட்டும், வணிக இணைப்புக்குக் கிடையாது. ஆகவே வீட்டுச் செலவு பெரிதாக இருந்தால் வீட்டு மீட்டருக்குத் தகடு போடுங்கள். பார்லருக்காக மட்டும் கடன் வாங்கிப் போட வேண்டாம் என்பது என் எண்ணம். போட்டால், தகட்டின் நிழல் மாடியைக் குளிர்விக்கும் என்பதால் அதைப் பார்லர் அறைக்கு நேர் மேலே போடுங்கள். கரிசல் புழுதி படிந்தால் உற்பத்தி குறையும், ஈரத்துணியால் காலையில் துடைக்க வேண்டும்.

அறைக்குள் வாங்கும் பொருள்களில் இந்த ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. அருப்புக்கோட்டை பருத்தி நெசவு ஊர். வேக்ஸிங் பட்டை என்று கடையில் விற்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை, ஒரு தடவை இழுத்துவிட்டுக் குப்பையில் போட வேண்டியது. தறிக்காரர்களிடம் கழிவுத் துண்டுகள் வாங்கிப் பட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் காய்ச்சிய வேக்ஸ் வெந்நீரில் கரைந்துவிடும், பட்டையைக் கொதிக்கவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டு மறுபடி எடுக்கலாம். டர்க்கி டவலுக்குப் பதில் மெல்லிய பருத்தித் துண்டு வைத்தால் துவைக்கத் தண்ணீர் குறையும், கொடியில் சீக்கிரம் காயும். தோலில் கீறும் பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளேடு ஒருவருக்கு ஒன்று. திரெட்டிங் நூலும் அப்படியே. வேக்ஸ் குச்சியைத் தோலில் தடவிவிட்டு மறுபடி டப்பாவில் விடக் கூடாது. மஞ்சள்காமாலை வைரஸ் ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்குப் போக ஒரு பிளேடு போதும்.

ஆவாரை இந்தப் பக்கம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் சாலையோரத்தில் பூக்கிறது. கற்றாழை வேலியோரத்தில் வளர்கிறது. பாசிப்பயறு மானாவாரியில் விளைகிறது. குளியல் பொடிக்கும் முகப்பூச்சுக்கும் இதைவிட என்ன வேண்டும். கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிவிட வேண்டும், அது சிலருக்கு அரிக்கும். அறையில் குழைத்துப் பூசுவது வேறு, பொட்டலம் போட்டு விற்பது வேறு. விற்பதற்கு அழகுசாதன உற்பத்தி உரிமம் வேண்டும்.

‘இயற்கை’ என்று எழுதியதாலேயே எதையும் நம்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் மருதாணிக் கூம்பில் இருப்பது பெரும்பாலும் பிபிடி என்ற சாயம். தோலில் கொப்புளம் கிளப்பும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்த பிறகே தலைக்குச் சாயம் பூசுங்கள். ஒரு வாரத்தில் வெளுக்கவைக்கும் கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியாகச் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும், கழுவிய தண்ணீரோடு மண்ணுக்கும் போகும். பெயர், முகவரி, உரிம எண் இல்லாத டப்பாவை எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் வைத்திருக்காதீர்கள். கெரட்டின் சிகிச்சை என்று முடியைச் சூடாக்கும்போது கண் எரியும் புகை வருகிறதென்றால் அதில் ஃபார்மால்டிஹைடு வெளிவருகிறது என்று பொருள். நாளெல்லாம் அந்த மூடிய அறையில் அதை மூச்சில் இழுக்கிறவர் வாடிக்கையாளர் அல்ல, நீங்கள். அந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

கழிவுநீரிலும் கரிசல் தன் குணத்தைக் காட்டும். களிமண் என்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது, உறிஞ்சுகுழி சீக்கிரம் தேங்கி நாறும். சீயக்காய், ஷாம்பு அலசிய தண்ணீரை மணலும் ஜல்லியும் போட்ட பாத்தி வழியாகக் கல்வாழைக்கோ வாழைக்கோ விடுங்கள். சாயமும் பிளீச்சும் கலந்ததைச் செடிக்கு விடக் கூடாது. அதைத் தனி வாளியில் பிடித்துச் சாக்கடைக் குழாயில் ஊற்றுங்கள். கிணற்றடிக்கும் ஊருணி வாய்க்காலுக்கும் ஒருபோதும் வேண்டாம். சீவும்போது உதிரும் நீள முடியைச் சவுரி முடி வாங்க வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வெட்டிய துண்டு முடி எருக்குழியில் மக்கும், ஆனால் மெதுவாக. மெல்லிய அடுக்காகப் போட்டு மண் மூட வேண்டும்.

தொழில் தெரியாதவர்களுக்கு மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பார்லர் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. கடனுக்கு முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். வங்கிக்குக் கொடுக்கும் செலவுப் பட்டியலில் எல்லாரும் நாற்காலி, கண்ணாடி, ஸ்டீமர் மட்டும் எழுதுகிறார்கள். மழைநீர் டேங்க், குழாய், வால்வு, மாடிக்கு வெள்ளைப் பூச்சு, பிஎல்டிசி விசிறி ஆகியவற்றுக்கும் கடைக்காரரிடம் கொட்டேஷன் வாங்கி அதே பட்டியலில் முதலில் எழுதுங்கள், அவையும் உங்கள் தொழிலின் கருவிகள்தான். பயிற்சியை ஆவணிக்குள் முடித்து, புரட்டாசியில் டேங்க்கை மேடை ஏற்றிக் குழாயை இணைத்துவிட்டால், ஐப்பசியில் முதல் மழைத் தண்ணீர் உங்களுடையது.